துணி, பணம், ரசீது: எங்கள் தீபாவளி நன்கொடை போன இடங்கள்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் புரட்டாசி பிறந்ததும் ஒரு நீள உறை வீடு வீடாகப் போய்வரும். அவரவர் மனம்போல் பணம் போடுவார்கள். யார் எவ்வளவு என்று எழுதும் வழக்கம் இல்லை. மொத்தத்தை மட்டும் சங்கக் கணக்கில் ஏற்றுவோம். அதே நாட்களில் பரண் ஒழித்த துணிகளும் மாடிப்படிக்குக் கீழே மூட்டை மூட்டையாகச் சேரும். வங்கியில் காலம் முழுக்கக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், இரண்டையும் உரிய இடத்தில் சேர்ப்பது என் வேலை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கும் அது பிடித்த வேலை.

ஒரு மிக்ஸி வாங்க நான்கு கடை ஏறி இறங்கி, உத்தரவாத அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குகிறோம். அதைவிடப் பெரிய தொகையை, முகம் தெரியாத யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் படத்துக்குக் கீழே இருக்கும் எண்ணுக்கு அரை நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம். கொடுத்த பிறகு அது என்ன ஆனது என்று கேட்பதை அநாகரிகம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். நான் கேட்பேன். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, நாங்கள் கொடுத்துப் பார்த்த இடங்களைப் பற்றிய மதிப்புரையாக எழுதுகிறேன்.

முதலில் துணி. அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது, அதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கிளையில் பணியில் இருந்தேன். ஜனவரி மாதம் முழுவதும் லாரி லாரியாகத் துணி வந்தது. நாடு முழுவதிலும் இருந்து வந்தது. இறக்கிவைக்க இடம் இல்லாமல் சாலையோரத்திலேயே கொட்டினார்கள். கம்பளி ஸ்வெட்டர்கள், ஜிப் அறுந்த கால்சட்டைகள், ஜோடி இல்லாத செருப்புகள், சாயம் போன புடவைகள். பனியில் நனைந்து, மண் ஏறி, ஆடுமாடுகள் மிதித்து நடந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். கடலில் உழைத்து, நல்லது உடுத்தி, தலை நிமிர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவரிடம், பிறர் கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து நீட்டினால் எப்படி வாங்குவார்கள்? அனுப்பியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. கையில் இருந்ததை அனுப்பினார்கள். அங்கே என்ன வேண்டும் என்று கேட்டு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த துணிகளைத் திரட்டித் தரம் பிரிக்கும் வேலையில் இறங்கிய அமைப்புகளில் ஒன்று கூஞ்ச். அந்தப் பெயரை நான் முதலில் கேள்விப்பட்டது அப்போதுதான். 1999இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கியது. தங்கள் வீட்டு அலமாரியில் இருந்து எடுத்த 67 துணிகளில் ஆரம்பித்ததாக அவர்கள் சொல்வது வழக்கம். 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சென்னையிலும் அவர்கள் இயங்குகிறார்கள். தன்னார்வலர்கள் துணி வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. எங்கள் குடியிருப்பின் துணி முழுவதும் இப்போது அங்கேதான் போகிறது.

எனக்கு அவர்களிடம் பிடித்தது, துணியை அவர்கள் இலவசமாகக் கொடுப்பதில்லை என்பது. கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். விவரம் தெரிந்தால் புரியும். ஒரு கிராமத்தில் மக்கள் கூடி உட்கார்ந்து தங்கள் ஊருக்கு எது அவசரம் என்று முடிவு செய்கிறார்கள். குளம் தூர்ந்து கிடக்கலாம், கிணறு வெட்ட வேண்டியிருக்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை மழையில் அறுந்து போயிருக்கலாம், ஓடையைக் கடக்க மூங்கில் பாலம் தேவைப்படலாம். அந்த வேலையை அவர்களே சேர்ந்து செய்து முடிக்கிறார்கள். உழைத்த குடும்பங்களுக்குத் துணிமணியும் வீட்டுக்குத் தேவையான பிற பொருட்களும் கொண்ட மூட்டை மரியாதையாக வந்து சேர்கிறது. அந்தப் புடவையை உடுத்துகிற பெண், அதை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. குளம் வெட்டிச் சம்பாதித்தது என்று சொல்லலாம். நாகையில் அந்தச் சாலையைப் பார்த்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

உடுத்த முடியாத பருத்தித் துணியும் அங்கே வீணாவதில்லை. பழைய பருத்திப் புடவைகளையும் போர்வைகளையும் சுத்தம் செய்து, வெட்டி, மாதவிடாய்க்கான துணிப் பட்டைகள் தயாரிக்கிறார்கள். சாம்பலும் வைக்கோலும் கந்தலும் பயன்படுத்தி நோய் வாங்கிக்கொள்ளும் நிலையில் இன்னும் பெண்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றிக் கிராமங்களில் வெளிப்படையாகப் பேசவும் இந்த வேலை இடம் கொடுக்கிறது. எங்கள் குடியிருப்பில் என்னைவிட மூத்த ஓர் அம்மா, நாற்பது வருடம் உடுத்திய சுங்குடிப் புடவைகளை இதற்காகவே துவைத்து மடித்துக் கொடுத்தார். "துடைக்கும் துணியாகப் போட மனம் வரவில்லை. இதற்கென்றால் எடுத்துக்கொள் அம்மா" என்றார்.

ஒரு பக்கம் எழுதிய தாள்களையும் வீசிவிடாதீர்கள். மறுபக்கம் வெறுமையாக இருந்தால் அவற்றைச் சேர்த்து நோட்டுப் புத்தகமாகத் தைக்கிறார்கள். பள்ளிப் பை, வடிவியல் பெட்டி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள்.

கொடுக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுங்கள். ஈரம் இருந்தால் ஒரு துணியின் பூஞ்சை மூட்டை முழுவதையும் கெடுத்துவிடும். செருப்பை ஜோடியாகக் கட்டுங்கள். புடவையோடு ரவிக்கையையும் உள்பாவாடையையும் சேர்த்து முடிந்தால், தரம் பிரிப்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். பாவாடையில் நாடா இருக்கிறதா என்று பாருங்கள். நாடா இல்லாத பாவாடை யாருக்கும் உதவாது, அதைக் கோத்துக் கொடுக்க நமக்கு ஐந்து நிமிடம் போதும். ஆண், பெண், குழந்தை என்று தனித்தனி மூட்டையாகக் கட்டி மேலே எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த எழுதும் வேலையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

துணியோடு ஒரு தொகையும் சேர்த்துத் தர முடியுமா என்று கூஞ்ச் கேட்கும். கட்டாயம் இல்லை. எங்கள் குடியிருப்பில் ஒருவர் இதைக் கேட்டுக் கோபப்பட்டார். பொருளையும் கொடுத்துப் பணமும் கொடுப்பதா என்றார். நான் அவருக்கு நாகைச் சாலையைத்தான் சொன்னேன். அங்கே குவிந்து கிடந்த துணிக்கு ஆள் இல்லை, கிடங்கு இல்லை, வண்டி இல்லை. மூட்டையைப் பிரிக்கவும், வகைப்படுத்தவும், சாக்கில் கட்டவும், லாரியில் ஏற்றிப் பல நூறு கிலோமீட்டர் அனுப்பவும் செலவு ஆகும். அந்தச் செலவு இல்லாத துணி வெறும் குப்பை. நாங்கள் ஒவ்வொரு முறையும் உறையில் இருந்து ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்குகிறோம், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

காலம் முக்கியம். சென்னையில் யாருக்கும் தேவைப்படாத ஸ்வெட்டர்கள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போனபோது வாங்கியவை. வட மாநிலங்களில் குளிர் நடுங்க வைக்கத் தொடங்கும் முன்பே அவை போய்ச் சேர வேண்டும் என்றால், புரட்டாசியிலேயே நம் கையை விட்டுப் போக வேண்டும். நாகையில் மண்ணில் கிடந்த அதே கம்பளி, இமயமலை அடிவாரத்தில் ஒரு கிழவரை டிசம்பர் இரவில் காப்பாற்றும். போகிக்குப் பழையதை எரிக்கும் வழக்கம் உள்ள வீடுகள், மார்கழி தொடக்கத்திலேயே ஒருமுறை பீரோவைத் திறந்து பார்த்துவிட்டால், எரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

குறை என்று சொன்னால், பொருளாகக் கொடுப்பதற்கு வருமான வரிச் சலுகை கிடையாது. இது சட்டம்; எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் இதுதான். உங்கள் சட்டை எந்த ஊரில் யார் உடலில் ஏறியது என்றும் தெரியாது. அதைத் தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி திருப்தி தராது. துணி வாங்கும் இடமும் நேரமும் மாறும் என்பதால், இணையதளத்தில் பார்த்து, போனில் கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்குங்கள். மற்றபடி துணிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கிழிந்த பாலியஸ்டரும் ஜரிகை உதிர்ந்த துணியும் மட்டும் நாங்கள் தெருவில் வரும் பாத்திரக்காரம்மாவிடம் போடுகிறோம். பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றிப் பிழைக்கிறவர் அவர். அவர் பிழைப்பும் நடக்க வேண்டும்.

அடுத்து சாப்பாடு. தாம்பரத்தைத் தாண்டி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தீபாவளியன்று மதிய விருந்து எங்கள் சார்பில் போடலாமா என்று கேட்கப் போயிருந்தேன். காப்பாளர் ஒரு நோட்டைத் திறந்து காட்டினார். அந்தத் தேதிக்கு எதிரே வரிசையாகப் பெயர்கள்.

"அன்றைக்கு மூன்று வேளைக்கும் ஆள் இருக்கிறார்கள் அம்மா. மதியத்துக்கு மட்டும் மூன்று குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. இனிப்புப் பெட்டிகள் வேறு வந்துகொண்டே இருக்கும். எங்களிடம் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை. வேண்டாம் என்று சொன்னால் கொடுப்பவர்கள் மனம் வருந்துவார்கள், வாங்கிவைத்தால் பெரியவர்கள் ஆசைப்பட்டுச் சாப்பிட்டுவிட்டு அவதிப்படுவார்கள்."

"அப்படியானால் என்னதான் வேண்டும்? தயங்காமல் சொல்லுங்கள் அம்மா" என்றேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். யாரும் அப்படிக் கேட்பதில்லை போலிருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரியவர்களுக்கான டயப்பர், அது ஒரு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கையுறை, ஃபினாயில், படுக்கைப் புண்ணுக்கு மருந்து, இரத்த அழுத்த மாத்திரை. மார்கழியில் எல்லோருக்கும் வெந்நீர் வைப்பதால் ஏறும் மின்சாரக் கட்டணம். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றைச் சொன்னார்.

"இரவுப் பணிக்கு இரண்டு ஆயாக்கள் இருக்கிறார்கள் அம்மா. சம்பளம் என்று சொன்னால் யாரும் கொடுக்க மாட்டார்கள். சாப்பாடு என்றால்தான் கொடுப்பார்கள்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுதலாம் என்று தோன்றியது. நாம் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கும்போது முதலில் தேடுவது நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதைத்தான். குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்கிறோம். நடு இரவில் எழுந்து ஒரு கிழவியின் ஈரத் துணியை மாற்றி, முதுகைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைக்கும் ஆயாவின் சம்பளமும் பல கணக்குகளில் அந்தத் தலைப்பில்தான் வருகிறது. அதைக் குறைத்தால் யாருக்கு நல்லது? நான் பல ஆண்டுகள் இருப்புநிலைக் குறிப்பு படித்தவள். செலவு எங்கே போகிறது என்று படியுங்கள், கேள்வி கேளுங்கள், நிறுவனரின் குடும்பத்தாருக்கு வாடகையும் வாகனமும் போகிறதா என்று பாருங்கள். ஆனால் சம்பளம் என்ற சொல்லைப் பார்த்ததும் முகம் சுளிக்காதீர்கள்.

நாங்கள் தீபாவளி விருந்தை விட்டுவிட்டு, மாசி, பங்குனி மாதங்களுக்கு டயப்பரும் இரவு ஆயாக்களின் சம்பளத்தில் ஒரு பகுதியும் ஏற்றுக்கொண்டோம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த நோட்டில் பெயர்களே இல்லை. பண்டிகை இல்லை, பள்ளித் தேர்வு நெருங்குகிறது, வரிச் செலவு வருகிறது, யாரும் வருவதில்லை. இந்த இல்லத்தைப் பற்றி என் மதிப்பீடு மிக உயர்ந்தது. இடம் பளபளப்பாக இல்லை. வாடை இல்லை, படுக்கைப் புண் இல்லை, பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள்.

சாப்பாடுதான் போட வேண்டும் என்று மனம் கேட்பவர்கள், ஆண்டு முழுவதும் பசியாற்றும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அரிசியும் காய்கறியும் அங்கே எந்த நாளில் போனாலும் அன்றைய பந்திக்கு ஆகும்.

குழந்தைகள் இல்லங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. உடன் நின்று படம் எடுத்துக்கொள்ளவும், கேக் வெட்டி அந்தப் படத்தைப் போடவும் ஓர் இல்லம் உங்களை ஊக்கப்படுத்தினால், அங்கே கொடுக்க வேண்டாம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் பிள்ளையை அப்படி ஒருவர் கையில் பொட்டலத்தோடு நிறுத்திப் படம் எடுத்தால் நாம் பொறுப்போமா?

இனிப் பணம். உறையில் சேர்ந்ததை மூன்றாகப் பிரிக்கிறோம். ஒன்று மேலே சொன்ன இல்லத்துக்கும் துணியின் போக்குவரத்துக்கும். மற்ற இரண்டில் ஒன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு, ஒன்று பான்யன் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்துக்கு.

அடையாறு மருத்துவமனையைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954இல் தொடங்கியது. 1955இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார். வசதியற்ற நோயாளிகள் பலருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கிடைக்கிறது. என்னோடு கிளையில் வேலை செய்த ஒருவரின் மனைவிக்கு அங்கே சிகிச்சை நடந்தது. காத்திருக்கும் கூடத்தில் எந்த மாவட்டத்துப் பேச்சும் காதில் விழும் என்று சொல்வார். அங்கே கொடுக்கும்போது 'இன்ன நோயாளிக்கு', 'இன்ன கருவிக்கு' என்று எழுதாதீர்கள். பொது நிதிக்கு என்று கொடுங்கள். அன்றைக்கு எது அவசரமோ அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எது அவசரம் என்பது மருத்துவருக்குத் தெரியுமா, நமக்குத் தெரியுமா?

பான்யன் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சென்னையில் தொடங்கியது. மனநோயால் வீட்டை இழந்து தெருவில் திரிந்த பெண்களுக்காகத் தொடங்கினார்கள். அவர்களுடைய வேலைகளில் என் மனதைத் தொட்டது இது: குணமான பிறகும் திரும்பிப் போக வீடு இல்லாமல் விடுதியிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்ட பெண்களை, நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடியமர்த்துகிறார்கள். உதவிக்கு ஆள் உண்டு. அவர்களே காய்கறி வாங்குகிறார்கள், சமைக்கிறார்கள், வாசலில் கோலம் போடுகிறார்கள், பக்கத்து வீட்டாரோடு பேசுகிறார்கள். நல்லது எப்படி நடக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். வாடகை மாதா மாதம் வரும். தீபாவளிக்கு மட்டும் வராது. அதனால் பான்யனுக்கு உரிய பங்கை ஒரே தொகையாக அனுப்பாமல், வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்து மாதந்தோறும் போகச் செய்திருக்கிறோம். தொகை சிறியதுதான். அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்த சிறிய தொகையை வைத்து ஒரு நிறுவனம் வாடகை ஒப்பந்தம் போடலாம். எப்போது வரும் என்று தெரியாத பெரிய தொகையை வைத்துப் போட முடியாது.

எல்லா நல்ல இடத்துக்கும் நம் பணம் தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் வருமானத்தில் மற்றவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ அறுவை சிகிச்சை செய்து, சொந்தக் காலில் நிற்கும்படி அதை அமைத்துவிட்டார்கள். அங்கே நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, கண்புரையோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரை முகாமுக்கு அழைத்துப் போவது. எங்கள் குடியிருப்பின் காவலாளி தன் ஊரில் இருக்கும் அம்மாவை அப்படி அழைத்துப் போனார். பஸ் கட்டணமும் இரண்டு நாள் விடுப்பும்தான் நாங்கள் கொடுத்தது.

வீட்டு வேலைக்கு வருபவருக்கும் காவலாளிக்கும் தீபாவளிக்குக் கொடுப்பது இந்தக் கணக்கில் சேராது. அது போனஸ், அவர்கள் உழைப்புக்கு உரியது. உறையில் இருந்து ஒரு ரூபாய்கூட அதற்கு எடுப்பதில்லை; தனியாக, முன்னதாக, கடைத்தெருவில் கூட்டம் கூடும் முன்பே கொடுத்துவிடுகிறோம்.

இப்போது எனக்குப் பிடிக்காமல் போன ஒரு சேவை. பெயர் வேண்டாம். மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டும் இணையதளம் ஒன்றில், குழந்தை ஒன்றின் அறுவை சிகிச்சைக்காகப் பணம் செலுத்தினேன். செலுத்தும் பக்கத்தில் என் தொகைக்கு மேலே தளத்துக்கான அன்பளிப்பு என்று ஒரு சதவீதம் தானாகவே சேர்ந்திருந்தது. அதை நீக்க ஒரு சிறிய எழுத்தைத் தேடிப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. நல்ல வேளை, கணக்குப் பார்க்கும் பழக்கத்தால் கண்ணில் பட்டது. கூஞ்ச் கேட்கும் தொகையை நான் ஆதரிக்கிறேன் என்று மேலே எழுதினேன். அவர்கள் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள், நாம் யோசித்துச் சரி என்கிறோம். இங்கே கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தளங்கள் வழியாக உயிர் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கொடுக்க நினைத்தால், கடைசிப் பக்கத்தில் மொத்தத் தொகையைப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போன் செய்து அப்படி ஒரு நோயாளி இருக்கிறாரா என்று கேளுங்கள். முடிந்தால் மருத்துவமனைக் கணக்கிலேயே நேரடியாகக் கட்டுங்கள்.

புதிய அமைப்பு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் செய்வது இதுதான். வருமான வரித் துறையின் இணையதளத்தில் வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்களைத் தேடிப் பார்க்கலாம். மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு நடத்தும் தர்ப்பண் தளத்தில் அமைப்பின் பெயரைப் போட்டால் பதிவு விவரமும் பொறுப்பாளர்களும் தெரியும். அங்கே பெயர் இருப்பது நற்சான்று ஆகாது, ஆனால் பெயர் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். பிறகு தணிக்கை செய்த கணக்கைக் கேட்பேன். தயங்காமல் அனுப்புகிறவர்களிடம் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

ரசீது விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கு வருமான வரிக் கழிவு கிடையாது. அதற்கு மேல் என்றால் காசோலை, வங்கி மாற்று, யுபிஐ என்று ரொக்கம் அல்லாத வழியில் கொடுங்கள். பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தொகையில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தை ஒட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. கையால் எழுதிக் கொடுக்கும் ரசீது மட்டும் இப்போது போதாது. நிறுவனம் நன்கொடை விவரத்தை வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அதற்கான சான்றிதழை நமக்குத் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31 அதற்குக் கெடு. பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்கிறோமா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் உறையில் பெயரில்லாத பணம் சேர்வதால் அதற்குச் சங்கத்தின் பெயரில்தான் ரசீது. கழிவு வேண்டுவோர் அவரவர் கணக்கில் இருந்து நேரடியாக அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு வரி எழுதிவிடுகிறார்கள்.

'தான் உத்சவ்' என்ற பெயரில் ஒரு கொடை வாரம், 2009இல் தொடங்கி, நாடெங்கும் நடக்கிறது; இப்போது அது அக்டோபர் 2 முதல் 8 வரை. பெரும்பாலும் தீபாவளிக்கு முன்னதாகவே வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் துணி தரம் பிரிப்பதை அந்த வாரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் அதை ஒட்டி வருவது வசதி.

இன்னும் எனக்கு நல்ல இடம் கிடைக்காத ஒரு பொருள் இருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் காலமான பிறகு, மடக்குச் சக்கர நாற்காலி, நடைத்தாங்கி, படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை, காது கேட்கும் கருவி எல்லாம் பரணுக்குப் போய்விடுகின்றன. எங்கள் குடியிருப்பிலேயே மூன்று வீடுகளில் இருக்கின்றன. எல்லாம் நல்ல நிலையில் உள்ளவை. இவற்றை வாங்கி, பழுது பார்த்து, தேவைப்படுகிறவருக்கு இரவலாகக் கொடுத்துத் திரும்பப் பெற்று, அடுத்தவருக்குக் கொடுக்கும் ஒழுங்கான இடம் திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள். காது கருவியை அளவு பார்த்துப் பொருத்தித் தரும் ஆள் அங்கே இருக்க வேண்டும். கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிக்கூலி எங்கள் பொறுப்பு.